லண்டன் உள்துறையில் கோமதி

1

போன வாரம் எங்கள் நகராட்சியிலிருந்து ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே தடித்த காகிதத்தில், பொன்னிற எழுத்தில் ஒரு பாராட்டுப் பத்திரம். நான் வேலையில் சேர்ந்து பத்து வருடம் ஆனதற்காக. 'திரு. கோமதி அவர்களின் அயராத சேவைக்கு' என்று போட்டிருந்தார்கள். அந்த அலுவலகத்துக்கு நான் மாதந்தோறும் சேலை கட்டிக்கொண்டுதான் போகிறேன். ஆனாலும் முதல் விண்ணப்பத்தில் எந்தப் புண்ணியவானோ என்னை ஆண் என்று குறித்துவிட்டதால், இன்றுவரை காகிதத்தில் நான் ஆண்தான். திருத்தச் சொல்லிப் பல முறை எழுதினேன். 'அன்புள்ள ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது' என்றே பதில் வந்தது. விட்டுவிட்டேன்.

பத்திரத்தைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டவேண்டும் என்றார் என் கணவர். என் மகள் செல்வி, கழிவறையில் மாட்டலாம் என்றாள். பரிசு, பட்டம் எல்லாவற்றையும் அங்கே மாட்டுவதுதான் இங்கே பெரிய மனிதர்களின் பழக்கமாம். அவளுடன் நான் பேசுவது தமிழ், அவள் திருப்பிப் பேசுவது ஆங்கிலம். இரண்டும் வழியில் எங்கோ சந்தித்துக்கொண்டு குடும்பம் நடக்கிறது. கடைசியில் பத்திரம் குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் போய்ப் படுத்துக்கொண்டது.

என் வேலை இதுதான். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்குப் போய்ச் சமைப்பேன், கூட்டுவேன், துவைப்பேன், கடைக்குப் போய்வருவேன். தேவைப்பட்டால் குளிப்பாட்டுவேன். சம்பளம் நகராட்சி தருகிறது. ஆனால் எங்கள் சங்கரன்கோவிலில் நான் லண்டன் உள்துறை அதிகாரியாக இருந்த காலம் ஒன்று உண்டு. நான் இருப்பது லண்டனிலிருந்து ரயிலில் வெகுதூரம் தள்ளி ஒரு தொழிற்சாலை ஊர். அந்தப் பதவி எனக்கு எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைச் சொல்கிறேன்.

2

எழுபதுகளின் நடுவில் நாங்கள் இங்கே வந்தோம். என் கணவருக்கு நூல் ஆலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. வந்த மறுவருடமே ஆலையை மூடிவிட்டார்கள். அவர் காலையில் குளித்து, சட்டை மாட்டி, டை கட்டி, வரவேற்பறையில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். நான் அவரைப் பார்க்க முடியாமல் செல்வியைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். அங்கேதான் விளம்பரப் பலகையில் அந்த அறிவிப்பைக் கண்டேன். 'ஹோம் ஹெல்ப்' தேவை. சமைக்க, துவைக்க, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கேயாவது சூது இருக்கும் என்று திரும்பத் திரும்பப் படித்தேன். இதற்கெல்லாமா சம்பளம் கொடுப்பார்கள்?

நேர்காணலில் மிஸஸ் பார்க்கர் என்று ஒரு அம்மாள். இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். படிப்பை முடித்ததிலிருந்து இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றாள். கல்யாணம் ஆகி வீட்டில் இருந்தேன் என்றேன். வீட்டில் எத்தனை பேர் என்றாள். மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன், ஒரு நாத்தனார், என் கணவர், நான், திருவிழாவுக்கு வந்து திரும்பிப் போகாத ஒரு பெரியப்பா என்று சொன்னேன். சமைத்தது யார், துவைத்தது யார், மாமியார் கால் ஒடிந்து கிடந்தபோது பார்த்துக்கொண்டது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். தாள் நிரம்பி மறுபக்கம் திருப்பினாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கிறவள்போல, 'அவர்கள் சம்மதத்தோடுதான் செய்தேன்' என்று சொல்லிவைத்தேன்.

எல்லாம் நல்லபடியாகப் போய், கடைசிப் பத்தியில் சிக்கிக்கொண்டது. என் வேலையை இரண்டு வருடத்துக்கு மேலாக நேரில் பார்த்த ஒருவர் நற்சான்று தரவேண்டும். அவர் உறவினராக இருக்கக் கூடாது. நாங்கள் இங்கே வந்தே அவ்வளவு நாள் ஆகவில்லை. ஊரிலோ, என் கையால் சாப்பிட்டவர்கள் எல்லோரும் உறவு. உறவில்லாதவர்களுக்கு நான் எதற்குச் சமைக்கப்போகிறேன்?

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒருவர் அகப்பட்டார். எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் வேலாயுதம் அண்ணாச்சி. மத்தியான வெயிலில் சைக்கிளை நிறுத்துவார். நான் ஒரு செம்பு மோர் கொடுப்பேன். வருடக்கணக்காக நடந்தது. உத்தியோகம், மத்திய அரசு என்று எழுதியதும் மிஸஸ் பார்க்கருக்கு முகம் மலர்ந்தது.

3

பிறகு நடந்ததை, நான் ஊருக்குப் போனபோது அண்ணாச்சியே என்னிடம் சொன்னார். அத்தனை வருடத்தில் அவர் பெயருக்கு அதுவரை ஒரு தபாலும் வந்ததில்லையாம். இங்கிலாந்து முத்திரை போட்ட நீள உறையைத் தன் பையில் பார்த்ததும், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார். பிறகு சைக்கிளை வீட்டுக்கு மிதித்துப் போய், மணி அடித்து, மனைவியிடம் கொடுத்து, அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாராம். முறைப்படி பட்டுவாடா செய்யவேண்டும் அல்லவா.

படித்துச் சொல்ல, பஸ் நிலையத்துக்கு எதிரே தட்டச்சுப் பயிலகம் நடத்தும் மாஸ்டரிடம் போனார். மாஸ்டருக்கு ஆங்கிலம் அத்துபடி. ஆனால் 'ஹோம்' என்ற சொல்லை அவர் அதுவரை அரசாங்கக் காகிதங்களில்தான் பார்த்திருந்தார். அதற்கு உள்துறை என்று பொருள். போலீஸ், சிறைச்சாலை எல்லாம் அதன் கையில். 'ஹோம்' உள்துறை, 'ஹெல்ப்' உதவி. ஆக, உள்துறையில் உதவி அதிகாரி. அந்தப் பதவிக்கு கோமதி தகுதியானவளா என்று இங்கிலாந்து அரசாங்கம் நம்ம வேலாயுதத்திடம் அபிப்பிராயம் கேட்டிருக்கிறது.

சாயங்காலத்துக்குள் செய்தி பஸ் ஏறிப் பனவடலிசத்திரம் வரை போய்விட்டது.

அண்ணாச்சி சொல்லச் சொல்ல மாஸ்டர் தட்டச்சு செய்து அனுப்பிய நற்சான்றை மிஸஸ் பார்க்கர் எனக்குக் காட்டினாள். 'மாட்சிமை தங்கிய ஐயா' என்று தொடங்கி, இந்தப் பெண்மணி கேட்காமலே மோர் கொடுப்பார் என்றும், அந்த மோரில் தண்ணீர் அளவாக இருக்கும் என்றும், தன்னை ஒருநாளும் வெயிலில் நிற்க வைத்ததில்லை என்றும், எதிரிகளை அடக்கும் ஆற்றலும் உண்டு என்றும் எழுதியிருந்தது. கடைசி வரி உள்துறைக்காக மாஸ்டர் சேர்த்தது. மிஸஸ் பார்க்கர் மோர் என்றால் என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். வேலை கிடைத்தது.

ஊருக்கு உடனே விளக்கமாக எழுதினேன். முதியவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் வேலை, உள்துறை இல்லை என்று. என் மாமியார் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பெரிய அதிகாரிகள் தங்கள் வேலையை வெளியே சொல்லமாட்டார்கள் என்று எல்லோருக்கும் விளக்கியிருக்கிறார்.

4

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் இரண்டு முறை அதை விட்டுவிட நினைத்தேன். இரண்டுக்கும் காரணம் மிஸ்டர் ஹார்வி. ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவி இல்லை. கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'உள்ளே வா, வாத்தே' என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். என் கணவர் மறுநாள் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு, இந்தப் பக்கத்தில் வாத்து என்பது கண்ணே, மணியே என்பது மாதிரி என்றார். அது தெரிந்ததும் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. முன்பின் தெரியாத மனுஷன் என்னை எதற்குக் கண்ணே என்று கூப்பிட வேண்டும்?

இரண்டாவது, டீ. சாயங்காலம் ஆனதும் 'என் டீயைச் செய்' என்றார். போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டீ எங்கே என்றார். மறுபடியும் போட்டேன். அவர் முகம் சிவந்தது. நானும் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் தள்ளாடி எழுந்து வந்து, அலமாரியைத் திறந்து உருளைக்கிழங்கைக் காட்டினார். அவருக்கு டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு. எனக்கு என்ன தெரியும்? பசியோடு கோப்பை கோப்பையாய்க் குடித்த பாவம் மட்டும் அவருக்கு.

போகப் போக ஒத்துப்போய்விட்டது. வீட்டிலும் ஒரு மாறுதல் நடந்தது. நான் வேலைக்குப் போய்விட்டதால் என் கணவர் டையைக் கழற்றிவிட்டுச் சமையலில் இறங்கினார். கொஞ்ச நாளில், இவ்வளவு செய்தும் இந்த வீட்டில் தன்னை யாரும் மதிப்பதில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு அவருக்குக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்தது. அந்த வேலைக்கு விடுப்புக் கிடைக்காததால்தான், மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போனபோது நானும் செல்வியும் மட்டும் போகும்படி ஆனது.

5

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கியதும் ஒருவர் என் கழுத்தில் ரோஜா மாலை போட்டார். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் நலம் விசாரித்துவிட்டு, அரிசி ஊறியிருக்கிறது என்றார். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஆட்டுரலில் உட்கார்ந்தேன். உள்துறை அதிகாரி மாவாட்டுவதை வாசலில் நின்று நாலைந்து பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். எவ்வளவு எளிமை என்று பேசிக்கொண்டார்களாம்.

மறுநாள் முதல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இடமாற்றம் வேண்டும் என்று ஒரு வாத்தியார். வரப்புத் தகராறு என்று ஒருவர். சைக்கிள் களவு போன ஒருவர். நான் மறுக்க மறுக்க, அதிகாரிகள் முதலில் மறுக்கத்தான் செய்வார்கள் என்று உட்கார்ந்தே இருந்தார்கள். செல்வி வேறு மானத்தை வாங்கப் பார்த்தாள். குளிப்பாட்டுவதற்கும் துவைப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். அவள் அதை அப்படியே தமிழாக்கி அத்தனை பேர் முன்னாலும், 'அம்மா தாத்தாங்களைத் துவைக்கும்' என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. மாமியார் பெருமையாகச் சொன்னார்:

"அதிகாரின்னா பின்ன? நாலு பேரைத் துவைச்சு எடுத்தாத்தான் பயப்படுவான்."

எல்லோரிடமும் உடைத்துச் சொல்லிவிடலாம் என்றால் குறுக்கே என் நாத்தனார் ஆவுடை நின்றாள். அவளுக்கு இரண்டு சம்பந்தம் கூடிவந்து தட்டிப்போயிருந்தது. இப்போது கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு இடம். பையன் மின்சார ஆபீசில் இருந்தான். குடும்பத்தில் ஒரு உள்துறை ஆள் இருப்பது நல்லதுதானே என்று அவர்கள் பக்கத்தில் பேச்சு. ஆவுடை என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்:

"மதினி, எனக்கு அவுகளப் பிடிச்சிருக்கு. கல்யாணம் முடியுத வரைக்கும் நீங்க உள்துறையிலயே இருங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

அப்போதுதான் மாதர் சங்கத்திலிருந்து வந்து, பெண்களும் உத்தியோகமும் என்று பேசவேண்டும் என்றார்கள். மாமியார் முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டுவிட்டார். புறப்படும்போது என் காதில், "ஏட்டி, மைக்குல உண்மையும் பேச வேண்டாம், பொய்யும் பேச வேண்டாம். வணக்கம் சொல்லிட்டு எறங்கிரு" என்றார்.

பள்ளிக்கூடக் கூடம் நிறையப் பெண்கள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாயார் சண்முகத்தாய், பக்கத்தில் ஆவுடையும் மாமியாரும். சங்கத் தலைவி ஒரு வக்கீலின் மனைவி. லண்டன் மாநகரின் உள்துறையையே தாங்குகிறவர் என்று என்னை அறிமுகம் செய்தார். நான் வணக்கம் சொன்னேன். பெண்கள் படிக்கவேண்டும் என்றேன். இறங்கப் போனேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். இடுப்பில் பிள்ளை. தறியிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தலைமுடியெல்லாம் பஞ்சு. அவள் புருஷனைக் களவுக் கேஸில் பிடித்து வைத்திருக்கிறார்களாம். அவன் எடுக்கவில்லையாம். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாகன்னு சொன்னாக. அதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

இத்தனை நாள் வந்தவர்கள் எல்லாம் ஒரு முயற்சி செய்து பார்ப்போம் என்று வந்தவர்கள். இவளுக்கு என்னை விட்டால் வேறு வழி இல்லை. என்னைத் தெய்வத்தைப் பார்க்கிறமாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் ஆவுடையைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அதற்குள் என் வாய் பேசிவிட்டது.

"யம்மா, நான் போலீஸ் ஆபீசர் இல்ல. வீட்டு வேலை பாக்கேன். வயசானவுக வீட்டுக்குப் போய்க் கூட்டுதேன், துவைக்கேன், கஞ்சி வச்சுக் குடுக்கேன். முடியாதவுகளக் குளிப்பாட்டி விடுதேன். அதுக்குத்தான் அங்கன சம்பளம் தாராக."

தலைவியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு, அப்படியானால் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நான் தலைவியைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் அவரால் தட்ட முடியவில்லை. தன் வீட்டுக்காரரிடம் சொல்வதாக மைக்கிலேயே ஒப்புக்கொண்டார். வக்கீல் நிஜமாகவே ஸ்டேஷனுக்குப் போனார் என்றும், அந்த ஆள் வீட்டுக்கு வந்துவிட்டான் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

கூட்டம் அத்துடன் கலைந்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் யாரோ ஒருத்தி, சம்பளத்தை உன் கையில் கொடுப்பார்களா, உன் வீட்டுக்காரர் கையிலா என்று கேட்டாள். என் கையில் என்றேன். கூடம் சலசலத்தது. கூட்டுவதற்கும் சேர்த்தா, சமையலுக்கு மட்டுமா என்றாள் இன்னொருத்தி. கிழவர்கள் உப்புக் குறை சொல்வார்களா, சொன்னால் திருப்பிச் சொல்லலாமா என்றெல்லாம் கேட்டார்கள். நன்றியுரை சொல்லவேண்டியவர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். சண்முகத்தாய் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பாதியில் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

6

அன்று ராத்திரி ஆவுடை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சம்பந்தம் போயிற்று என்று மாமனார் சொன்னார். மாமியார் எனக்குச் சோறு போட்டார். அதைப் போட்ட சத்தத்திலேயே எல்லாம் தெரிந்தது.

மறுநாள் காலையில் சண்முகத்தாய் தனியாக வந்து இறங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, கோமதியோடு தனியாகப் பேசவேண்டும் என்றார். அடுக்களைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். கதவுக்கு வெளியே மூன்று பேர் நிற்பது நிழலில் தெரிந்தது. அவர் கீழே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"கோமதி, அந்த வேலைக்கு வயசு வரம்பு உண்டா?"

எனக்கு உடனே புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். அவர் கணவர் பக்கவாதத்தில் விழுந்து வருடக்கணக்காகப் படுக்கையில் இருக்கிறார். புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் இவர்தான். முதுகில் ஒரு புண் வரவிட்டதில்லை. "யார் வந்து கேட்டாலும், அவ வீட்டுலதான் இருக்காம்பாக. நானும் அப்படித்தான் நெனச்சேன். நேத்து நீ மைக்குல சொன்னதுக்கு அப்புறம் ராத்திரி எனக்கு உறக்கம் வரல" என்றார்.

நானும் கீழே உட்கார்ந்தேன். அங்கே போக விசா வேண்டும், அது இப்படிக் கிடைக்காது என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். இங்கேயே செய்தால் யாராவது கொடுப்பார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம் முதல் நாள்தான் வந்திருந்தது. கதவுக்கு வெளியே ஒரு இருமல் கேட்டது. சண்முகத்தாய் குரலை உயர்த்தி, "கல்யாணத்துல ஒரு மாத்தமும் இல்ல. அதக் கேக்க வரல. போய் வேலையப் பாருங்க" என்றார். நிழல்கள் கலைந்தன.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நான் அதற்குள் திரும்பி வந்துவிட்டேன்.

7

அடுத்த முறை ஊருக்குப் போக மேலும் சில வருடம் ஆனது. இடையில் சண்முகத்தாயின் கணவர் காலமானார். மகனுக்குச் சங்கரன்கோவிலுக்கே மாற்றல் ஆகி, அவரும் டவுனுக்கு வந்துவிட்டார். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளிகளோடு துணைக்கு வருகிறவர்களுக்கு, எழுந்திருக்க முடியாத ஆளை எப்படிப் புரட்டுவது, எப்படிக் குளிப்பாட்டுவது என்று தெரியாது. இவர் டாக்டரம்மாவிடம் போய், நான் செய்கிறேன், இன்னது தரவேண்டும் என்று நேரே கேட்டிருக்கிறார். மகன் தடுத்தானாம். ஊர் என்ன சொல்லும், ஆயா வேலைக்கா போவது என்று. "இது ஆயா வேலை இல்லலே. ஹோமு" என்றாராம். சின்ன வயதிலிருந்து அம்மாவின் சொல்லை மீறாத பையன், அது என்ன ஹோம் என்று தன் மனைவியைக் கேட்டிருக்கிறான். ஆவுடை அவனுக்கு விளக்கிச் சொன்னாள். எப்படி விளக்கினாளோ, பிறகு அவன் வாயே திறக்கவில்லை.

அந்த முறையும் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அரிசி ஊறியிருந்தது. வந்து ஒரு வாரம் ஆட்டுவதிலும் அரைப்பதிலுமே போயிற்று. ஒருநாள் மத்தியானம் நேரம் பிடித்து சண்முகத்தாயைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்கட்டில் ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். அவரோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியைப் பார்த்த முகமாக இருந்தது. கூட்டத்தில் கேள்வி கேட்டவளோ என்னவோ. சண்முகத்தாய் ஒரு கிழவிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். வருகிறேன், உட்கார் என்று கண்ணால் சொன்னார்.

குழாயடியில் கஞ்சிப் பானையும் கும்பாக்களும் கழுவாமல் கிடந்தன. நான் யோசிக்கவே இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து ஒரு கும்பாவை எடுத்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டு அவர் எழுந்து வந்தார். என் கையிலிருந்து கும்பாவை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீ லீவுல வந்திருக்க மக்கா. போய் உக்காரு."

கல்யாணம் ஆகி அத்தனை வருடத்தில், இரண்டு நாட்டிலும் சேர்த்து, அதை எனக்குச் சொன்னவர்கள் யாரும் இல்லை. அறைக்குள் ஒரு மர பெஞ்சு கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மடியில் வைத்தேன், பிறகு பெஞ்சின் மேல் வைத்தேன். அந்தப் பெண்களில் ஒருத்தி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சும்மா உட்கார்ந்து குடித்தேன். வெளியே அவர்கள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.